பழைய ஹிக்கரி கோல்ஃப் மட்டை: இனம் காண்பது முதல் பாதுகாப்பது வரை முழுமையான வழிகாட்டி

மரத்தண்டு போட்ட பழைய கோல்ஃப் மட்டை ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது உப்புத்தாளை. அந்த முதல் அரை மணி நேரத்தில் அழிந்துபோவதைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. இரும்புத் தலையின் பின்பக்கம் மயிரிழை ஆழத்துக்குக் குத்தியிருக்கும் பட்டறை முத்திரை, தண்டின் மேல் உள்ள பழைய ஷெல்லாக் (அரக்கு) பூச்சு, பிடியின் கீழே ஒளிந்திருக்கும் இரண்டாவது முத்திரை எல்லாம் அதில் போய்விடும். அந்த மட்டை எப்போது, எங்கே, யார் கையில் உருவானது என்பதற்கு இவைதான் சாட்சி.

இந்த வழிகாட்டி 1890 முதல் 1935 வரை ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில், ஹிக்கரி என்ற கடின மரத்தால் தண்டு போட்டுச் செய்யப்பட்ட மட்டைகளுக்கானது. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலைவாசத் தலங்களின் பழைய பங்களாக்களிலிருந்து வெளிவருபவையும் பெரும்பாலும் இவைதான். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். படிப்பதும் காலம் கணிப்பதும் முடிந்த பிறகே சுத்தம் செய்யும் வேலை.

1. கையில் இருக்க வேண்டியவை

பார்ப்பதற்கு: சிறிய காந்தம், 10 மடங்கு பூதக்கண்ணாடி, டார்ச், அளவு நாடா, கேமரா, மெல்லிய டிஷ்யூ தாள், மென்மையான 4பி பென்சில், நூல் கோத்த காகித அட்டை.

சுத்தம் செய்வதற்கு: பழைய பனியன் துணி, மென்மையான பல் துலக்கி, மூங்கில் குச்சி, தையல் மிஷின் எண்ணெய், டர்பெண்டைன், 0000 எண் ஸ்டீல் உல், மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, நைட்ரில் கையுறை. ஸ்டீல் உல்லில் 0000 தான் மிக மெல்லியது. பாத்திரம் தேய்க்கும் நார் அதற்கு மாற்று ஆகாது. அதன் கீறல் தலையின் முகத்தில், அதாவது பந்தை அடிக்கும் பக்கத்தில், நிரந்தரமாக நின்றுவிடும்.

பழுது பார்ப்பதற்கு: மெழுகு பூசிய கறுப்பு லினன் நூல் 7 மீட்டர், டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் ஒரு சிறு பாட்டில்.

உப்புத்தாள், கிரைண்டர், கம்பி பிரஷ், துரு நீக்கும் அமிலம், பாலியூரித்தேன் வார்னிஷ் ஆகியவற்றை வேலை மேஜையின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

2. முதலில் தனியாக வையுங்கள், பிறகு பதிவு செய்யுங்கள்

புதிதாக வந்த மட்டையை மற்ற மட்டைகளோடு சேர்க்காதீர்கள். மரத்தை உளுக்க வைக்கும் வண்டுகளுக்கு ஹிக்கரி பிடிக்கும். தண்டில் 1 முதல் 2 மி.மீ. துளைகளும், தட்டினால் மாவு போன்ற பொடியும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பொடியைத் துடைத்துவிட்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பாலித்தீன் உறையில் சுற்றி ஒரு மாதம் கவனியுங்கள். தாளில் புதுப் பொடி விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. விழாவிட்டாலும் அடுத்த கோடை வரை அதைத் தனியாகவே வையுங்கள், வண்டு வெளியே வரும் பருவம் அது. பழைய துளை மட்டும் இருப்பது குற்றமில்லை.

பிறகு படம் எடுங்கள். முழு மட்டை, முகம், பின்பக்கம், அடிப்பகுதி, ஹோசல் எனப்படும் தலையின் கழுத்துக் குழாய், பிடியின் இரு முனைகள் என ஏழு படங்களாவது வேண்டும். அளவு நாடா படத்துக்குள் தெரியட்டும். நீளத்தைத் தலையின் குதியிலிருந்து (கழுத்தை ஒட்டிய அடிமுனை) பிடியின் நுனி வரை அளந்து அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். ஒட்டும் லேபிள் வேண்டாம். அதைப் பிரிக்கும்போது பழைய பூச்சும் சேர்ந்து உரிந்து வரும்.

3. ஹிக்கரியா, மரம் போலத் தோன்றும் இரும்பா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. 1930களில் இரும்புத் தண்டின் மேல் பழுப்பு அல்லது மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் உறை போட்டு மரத்தண்டு போலவே விற்றார்கள். மரத்தண்டுக்குப் பழகிய ஆட்டக்காரர்களின் கண்ணுக்கு அது உறுத்தாது என்பதே காரணம். ஸ்பால்டிங் நிறுவனம் 1932 முதல் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் பெயரில் விற்ற மட்டைகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றின் தண்டில் நூற்கட்டு போலத் தோன்றும் கறுப்பு வளையங்கள்கூட உண்டு. படத்தில் பார்த்தால் மரம் என்றே தோன்றும்.

காந்தத்தைத் தண்டின் நடுவில் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஹோசல் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், அங்கே தலையின் இரும்பே காந்தத்தை இழுக்கும்.

பூதக்கண்ணாடியில் ஹிக்கரி வேறு மாதிரி இருக்கும். விட்டுவிட்டு ஓடும் கருமையான நுண்துளைக் கோடுகள் தண்டின் நீளவாக்கில் தெரியும். பிளாஸ்டிக் உறையில் நிறம் ஒரே சீராக இருக்கும், அல்லது குறுக்கே நுண்விரிசல் ஓடியிருக்கும். தடிமனும் துணை செய்யும். ஹோசலுக்குச் சற்று மேலே ஹிக்கரித் தண்டு சுமார் அரை அங்குலம் இருக்கும், இரும்புத் தண்டு அதைவிட மெலிது.

4. முத்திரையைப் படிப்பது

அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை இரும்பின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் பழுப்பாகத் தெரிந்த இடத்தில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் குழிகளின் ஓரத்தில் நிழல் விழும். வளைந்த காம்பும் சிறு கிண்ணமுமாக ஒரு புகைக்குழாய் வடிவம் எழுந்து வந்தால், அது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் டாம் ஸ்டூவர்ட்டின் பட்டறை. டார்ச்சைச் சுற்றிலும் நான்கு திசைகளில் நகர்த்துங்கள். ஒரு திசையில் மறையும் எழுத்து இன்னொரு திசையில் தெரியும்.

அடிக்கடி வரும் மற்றவை: ரோஜா மொட்டு என்றால் செயின்ட் ஆண்ட்ரூஸ் ராபர்ட் காண்டி, கை என்றால் லீவன் ஊரின் ஜார்ஜ் நிக்கோல், நட்சத்திரம் என்றால் கிங்ஹார்ன் ஊரின் வில்லியம் கிப்சன், பிஷப்பின் தொப்பி என்றால் ஹென்ட்ரி அண்ட் பிஷப்.

எழுத்து தெளியவில்லை என்றால் டிஷ்யூ தாளை மேலே விரித்து, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்து நகல் எடுங்கள். சாக்பீஸ் பொடியோ வெள்ளைப் பெயிண்ட்டோ குழியில் நிரப்பக் கூடாது. சாக்பீஸ் ஈரத்தைப் பிடித்துவைத்து அந்த இடத்திலேயே துருவை வளர்க்கும். பெயிண்ட்டை எடுக்கத் தின்னர் போட வேண்டிவரும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பெரிய எழுத்தில் உள்ள பெயரைச் செய்தவரின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டூவர்ட் போன்ற பட்டறைகள் தலைகளை மட்டும் அடித்துப் பல கிளப்புகளின் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விற்றன. அவர்கள் தண்டைப் பொருத்தித் தங்கள் பெயரையும் குத்திக்கொண்டார்கள். கடைகளும் அப்படியே செய்தன. ஆகவே ஒரே மட்டையில் இரண்டு பெயர் இருப்பது இயல்பு: சிறிய சின்னம் பட்டறையுடையது, பெரிய பெயர் விற்றவருடையது. புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயர் இருந்தாலும் அவர் அதைத் தொட்டார் என்று பொருளில்லை.

5. காலம் கணிப்பது

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து ஆண்டைச் சொல்லாதீர்கள். குறைந்தது மூன்று அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும்.

முகத்தைப் பாருங்கள். கோடும் புள்ளியும் இல்லாத வழவழப்பான முகம் பெரும்பாலும் 1900க்கு முந்தையது. ரப்பர் இழை சுற்றிய ஹாஸ்கெல் பந்து 1899இல் காப்புரிமை பெற்றுப் பரவிய பிறகுதான், பந்தைப் பிடித்து நிறுத்துவதற்காக முகத்தில் புள்ளியும் கோடும் குத்துவது வழக்கமாயிற்று. பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டைக்கு இந்த விதி பொருந்தாது, பிற்காலப் பட்டர்களும் வழவழப்பாகவே இருக்கும். முகத்தில் ஆழமான வாய்க்கால் போன்ற வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் 1910களின் நடுப்பகுதிக்கும் 1921க்கும் இடைப்பட்டது. 1921 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஜாக் ஹட்சிசன் அத்தகைய மட்டைகளோடு வென்றார். அதையொட்டி அவை தடை செய்யப்பட்டன.

தண்டும் காலம் சொல்லும். இரும்புத் தண்டை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924இலும், பிரிட்டனில் விதிகளை வகுத்த செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ கிளப் 1929இலும் அனுமதித்தன. 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகு ஹிக்கரி ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பெயரா எண்ணா என்று பாருங்கள். மிட் அயர்ன், மேஷி, மேஷி நிப்ளிக், நிப்ளிக் என்று பெயர் மட்டும் இருந்தால் முந்தையது. இன்றைய கணக்கில் இவை சுமாராக 2, 5, 7, 9 எண் இரும்புகள். ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்து எண் குத்திய தொகுப்புகள் 1920களின் பிற்பகுதியில் பரவின. பெயரும் எண்ணும் சேர்ந்தே இருந்தால் அந்த மாறுதல் காலத்துக்கானது. மட்டையில் துருப்பிடிக்காத எஃகு என்ற பொருளில் ரஸ்ட்லெஸ், ஸ்டெயின்லெஸ் என்ற குத்துகள் இருந்தால் 1920கள் அல்லது அதற்குப் பின்.

பதிவு எண் இருந்தால் அதிர்ஷ்டம். பிரிட்டனின் வடிவமைப்புப் பதிவு எண்கள் 1884இல் 1இல் தொடங்கி, 1900 பிறக்கும்போது மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தன. பிரிட்டிஷ் காப்புரிமை எண்கள் 1915 வரை ஆண்டுதோறும் 1இலிருந்து தொடங்கின, 1916 முதல் 1,00,001 என்று தொடர் எண்ணாயின. அமெரிக்கக் காப்புரிமை எண் 1911இல் பத்து லட்சத்தைத் தொட்டது. ஆனால் எண் சொல்வது மிக முந்திய சாத்திய ஆண்டை மட்டுமே. 1903இல் காப்புரிமை பெற்ற ஷெனெக்டடி பட்டர் அதன் பிறகு பல ஆண்டுகள் செய்யப்பட்டது. காப்புரிமை ஆண்டையே செய்த ஆண்டாக எழுதுவது விற்பனைக் குறிப்புகளில் நிரந்தரப் பிழை.

மரத்தலை மட்டைக்குக் கழுத்தைப் பாருங்கள். தலையையும் தண்டையும் சாய்வாகச் சீவி ஒட்டி மேலே நூல் சுற்றியிருந்தால் பழைய முறை. தண்டு தலையின் துளைக்குள் இறங்கியிருந்தால் 1890களுக்குப் பிந்தைய முறை. பழைய முறையைச் சிலர் பிறகும் விடவில்லை, அதனால் இதையும் தனியாக நம்ப வேண்டாம்.

6. பிற்கால மாற்றம், புதுப் பிரதி

ஹோசலின் குறுக்கே ஒரு சிறு ஆணி ஊடுருவிப் போயிருக்கும். அதன் இரு முனைகளும் இரும்போடு தேய்ந்து சமமாகி, சுற்றிலும் உள்ள அதே நிறத்தில் இருந்தால் தண்டு பழைய தண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆணி பளபளத்தால், அல்லது அதைச் சுற்றி மட்டும் புதிய கீறல் இருந்தால், தண்டு மாற்றப்பட்டிருக்கிறது. ஆணியே இல்லாமல், எழுத்துகளின் ஓரம் உருகினாற்போல் மழுங்கியிருந்தால் அது அச்சில் வார்த்த அலங்காரப் பிரதி. உணவகச் சுவர்களுக்காகச் செய்யப்படுபவை இவை. குத்தி எடுத்த எழுத்தின் ஓரம் தேய்ந்தாலும் குழியின் அடி கூர்மையாகவே இருக்கும்.

தண்டு மாற்றியிருப்பது குற்றமல்ல. விளையாடிய மட்டையில் தண்டு முறிவது சகஜம். அட்டையில் அதைக் குறிக்காமல் விடுவதுதான் தவறு.

7. இரும்புத் தலையைச் சுத்தம் செய்வது

முதலில் துரு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைத் துணியை அழுத்தித் துடையுங்கள். துணியில் செம்மஞ்சள் பொடி ஒட்டினால் துரு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. ஒட்டாமல், மேற்பரப்பு கரும்பழுப்பாக இறுகியிருந்தால் அது காலம் தந்த மெருகு. அதை அப்படியே விட்டுவிட்டு நேராக மெழுகுக்குப் போகலாம்.

துரு இருந்தால், தண்டின் கீழ்ப்பகுதி 10 செ.மீ. அளவுக்குப் பாலித்தீன் சுற்றி நூலால் கட்டுங்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்கினால் ஹோசலின் பிடிப்பு தளரும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துவைத்து, தையல் மிஷின் எண்ணெயைத் துணியால் மெல்லத் தடவி ஒரு நாள் விடுங்கள். எண்ணெய் துருவுக்கும் இரும்புக்கும் இடையில் ஊறி அதைக் கிளப்பும். அடுத்த நாள் தேய்ப்பு பாதியாகக் குறையும்.

பிறகு மூங்கில் குச்சியால் துருத்திட்டுகளை நெம்புங்கள். மிச்சத்தை 0000 ஸ்டீல் உல்லால், விரல் கனத்தைவிட அதிகம் அழுத்தாமல், ஒரே திசையில் தேயுங்கள். முத்திரையின் மேல் ஸ்டீல் உல் படவே கூடாது, அங்கே பல் துலக்கி போதும். நிக்கல் முலாம் பூசிய தலைகளில் ஸ்டீல் உல்லையே தவிருங்கள். முலாம் மெலிது, அடியில் உள்ள இரும்பு வெளியே வந்தால் அந்த ஓரத்திலிருந்தே உரியத் தொடங்கும்.

பழுப்பு போய் வெள்ளி வந்தால் அளவுக்கு மீறிவிட்டீர்கள். அங்கேயே நிறுத்துங்கள். டர்பெண்டைன் தொட்ட துணியால் எண்ணெயை முழுதும் எடுங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் மெழுகு ஒட்டாது. உலர்ந்ததும் கையுறையோடு மெழுகைப் பட்டாணி அளவு எடுத்து மெல்லிய படலமாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துணியால் மெருகேற்றுங்கள். வெறும் கையால் பிடித்தால் வியர்வை உப்பு பதிந்து, சில வாரங்களில் விரல் ரேகை அப்படியே துருவாக எழும்.

8. தண்டு

பழைய தண்டுகளில் ஷெல்லாக் அல்லது வார்னிஷ் பூச்சு இருக்கும். ஸ்பிரிட் ஷெல்லாக்கைக் கரைத்துவிடும், தின்னர் இரண்டையும் கரைக்கும். டர்பெண்டைன் சில சொட்டு தொட்ட துணியைப் பிடியின் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, அழுக்கு மட்டும் வரும் அளவுக்குத் துடையுங்கள். பூச்சு இருந்தால் அதன் மேல் மெழுகு போதும்.

பூச்சே இல்லாமல் மரம் வெளுத்து வறண்டிருந்தால் மட்டும் லின்சீட் ஆயிலையும் டர்பெண்டைனையும் சமமாகக் கலந்து தடவலாம். முழுத் தண்டுக்கும் ஒரு தேக்கரண்டி போதும். இருபது நிமிடம் கழித்து மேலே நிற்கும் அத்தனையையும் துடைத்துவிடுங்கள். விட்டால் பிசுபிசுப்பாக இறுகித் தூசியைப் பிடிக்கும். மழைக்காலத்தில் உலர ஒரு வாரம்கூட ஆகும்.

லின்சீட் ஆயில் துடைத்த துணியை உருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் சூடு தங்கி, தானாகவே தீப்பற்றும். தரையில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வெளியே போடுங்கள்.

தண்டு சற்று வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். சூடு காட்டி நிமிர்த்தும் வித்தை விளையாடுகிறவர்களுக்கானது. பழைய பூச்சு கொப்புளித்து, உலர்ந்த மரம் நீளவாக்கில் பிளக்கும்.

9. தோல் பிடி

தோல் செம்பழுப்புப் பொடியாக விரலில் உதிர்ந்தால் அது வேதியியல் சிதைவு. எந்த எண்ணெயும் அதை மீட்காது, தடவினால் தோல் கறுத்து இன்னும் பலவீனமாகும். தொடாமல், அமிலமற்ற டிஷ்யூ தாளைச் சுற்றிப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்.

கிழிந்த பழைய பிடி, பளிச்சென்ற புதுப் பிடியைவிட மதிப்புள்ளது. அதன் அடியில் கம்பளித் துணிச் சுற்று உண்டு, அதற்கும் அடியில் சில நேரம் தண்டு செய்தவரின் முத்திரை இருக்கும். தோல் தானாகவே அவிழ்ந்திருந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரையைப் பார்ப்பதற்காகப் பிரிக்காதீர்கள்.

10. மரத்தலைக் கழுத்தின் நூற்கட்டு

நூல் அறுந்து தொங்கினால் புதிதாகக் கட்டலாம். எளிதில் அவிழ்த்துவிடக்கூடிய வேலை என்பதால் சேகரிப்பாளர்கள் இதை ஏற்கிறார்கள். கழுத்தில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. நூல் சுமார் 100 சுற்று வரும். ஒரு சுற்றுக்குச் சுமார் 6 செ.மீ. என்றால் 6 மீட்டர், கையில் பிடித்து இழுக்க ஒரு மீட்டர் கூடுதல். நடுவில் நூல் தீர்ந்தால் முடிச்சு போட வழியில்லை, முழுதும் அவிழ்க்க வேண்டும்.

கீழ் முனையில் நூலின் நுனியை 3 செ.மீ. நீளத்துக்குத் தண்டோடு படுக்க வைத்து, அதன் மேலேயே சுற்றத் தொடங்குங்கள். நூலை அசைக்காமல் இறுக்கிப் பிடித்து மட்டையைத்தான் சுழற்ற வேண்டும். நூலைக் கையால் சுற்றினால் இறுக்கம் சீராக வராது. கடைசி 12 சுற்று வரும்போது, தனியான ஒரு துண்டு நூலை இரட்டையாக மடித்து, அதன் வளையம் மேல்நோக்கி நிற்கும்படி தண்டின் மேல் வைத்து, அதையும் சேர்த்துச் சுற்றுங்கள். முடிந்ததும் நூலின் நுனியை வளையத்தில் நுழைத்து, மடித்த துண்டின் கீழ் முனைகளைப் பிடித்து இழுத்தால் நுனி சுற்றுகளுக்கு அடியில் போய்விடும். ஒட்டி வெட்டிவிடுங்கள். இதில் பசைக்கு இடமே இல்லை.

11. ஆடும் தலை

தலை ஆடினால் தண்ணீரில் ஊறப் போடச் சொல்வார்கள். அன்றைக்கு இறுகும், உண்மைதான். ஆனால் ஊதிய மரம் இரும்புக் குழாயில் நெருக்கி நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பைவிட மெலிந்து, அடுத்த மாதம் இன்னும் அதிகமாக ஆடும். உள்ளே துருவும் பிடிக்கும். காட்சிக்கு வைக்கும் மட்டையில் ஆட்டத்தை அட்டையில் குறித்துவிட்டு அப்படியே வையுங்கள். எப்பாக்சி ஊற்றினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

12. கூடவே வரும் பந்தும் படமும்

பழைய பந்தைக் கழுவாதீர்கள். பெயிண்ட் உதிர்ந்தால் பெயரும் போகும். கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்து வெளிச்சத்திலும் காற்றிலும் நொறுங்கும் தன்மை கொண்டது, மூடிய பெட்டியில் இருட்டில் இருக்கட்டும்.

கோல்ஃப் படங்களில் அதிகம் கிடைப்பவை லண்டன் வானிட்டி ஃபேர் வார இதழின் கேலிச்சித்திரத் தாள்கள். ஸ்பை என்ற புனைபெயரில் லெஸ்லி வார்ட் வரைந்த ஹொரஸ் ஹட்சின்சன் படம் 1890இல் வந்தது. பூதக்கண்ணாடியில் நிறங்கள் ஒழுங்கற்ற மணல் போலத் தெரிந்தால் பழைய கல்லச்சு. வட்டவட்டமாக ஒழுங்கான புள்ளிக் கோலம் தெரிந்தால் பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. சட்டத்துக்குள் இருந்தாலும் கண்ணாடி வழியாகவே இதைப் பார்க்க முடியும். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

13. வைக்கும் இடம்

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் ஒரே சீராக இருப்பது நல்லது. நம் கடற்கரை ஊர்களில் அது இயல்பாகவே அதைவிட அதிகம். ஏசியை இரவில் போட்டுப் பகலில் அணைப்பது, போடாமலே இருப்பதைவிடக் கெடுதல். மரம் தினமும் ஊதிச் சுருங்கி ஹோசலில் தளர்கிறது. மூடிய கண்ணாடி அலமாரியில் ஈரமானியும் சிலிக்கா ஜெல்லும் வைத்து எண்ணைக் கவனியுங்கள். 40க்குக் கீழே போனால் சிலிக்காவில் பாதியை எடுத்துவிடுங்கள்.

மட்டையை மூலையில் சாய்த்து நிறுத்தக் கூடாது, தண்டு வில்லாக வளையும். மூன்று இடங்களில் தாங்கி, பருத்தித் துணி சுற்றிய கட்டையில் படுக்க வையுங்கள். வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் விடும். பி.வி.சி. உறை ஈரத்தை அடைத்துவைக்கும். பூச்சிக்கென்று பச்சை வேப்பிலை போடுவதும் வேண்டாம், இலை காயும்போது விடும் ஈரம் அலமாரிக்குள்ளேயே சுற்றும்.

அக்டோபரில் மழை தொடங்கும் முன் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை, வெயில் ஏறும் ஏப்ரலில் ஒரு முறை ஒவ்வொரு மட்டையையும் எடுத்து வெள்ளைத் துணியால் தலையைத் துடைத்துப் பாருங்கள். செம்மஞ்சள் ஒட்டினால் படி 7. தண்டின் அடியில் புதுப் பொடி கிடந்தால் அந்த மட்டையை மட்டும் அன்றைக்கே பிரித்து, படி 2இல் சொன்னபடி வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள்.